கலப்பைக்காரனை எழுதிய சபாநாயகர்

வங்கிப் பணியில் என்னை மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்துக்கு மாற்றியபோது, அந்த மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தவை மூன்றே: சைதன்யர் பிறந்த நவத்வீபம், சாந்திப்பூரின் கைத்தறிச் சேலை, கிருஷ்ணாநகரின் களிமண் பொம்மை. கிருஷ்ணாநகரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தெருவே அவரை மாஸ்டர்மஷாய் என்று அழைத்ததால் நானும் அப்படியே அழைத்தேன். நெல் நடவு தொடங்குவதற்கு முன்பு பயிர்க்கடன் விண்ணப்பங்கள் குவிந்துவிடும். அவற்றில் பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொருவருக்கும் எத்தனை பிகா நிலம், சொந்தமா, விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுவதா, வெளியில் எவ்வளவு கடன் என்று தாளில் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு மாலையில் அவர் மேசையருகே வந்து சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "மேனேஜர்பாபு, இந்தக் கணக்கையெல்லாம் இதே ஊர்க் கோர்ட்டில் வக்கீலாக இருந்த ஒருவர் சுதந்திரத்துக்கு முன்பே போட்டுவைத்துவிட்டார்" என்றார். உள்ளே போய், முதுகு பிய்ந்து துணி ஒட்டிய புத்தகம் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். 'தி மேன் பிஹைண்ட் தி பிளவ்', அதாவது கலப்பைக்குப் பின்னால் நிற்கும் மனிதன், என்ற அந்த ஆங்கில நூல் 1939ஆம் ஆண்டில் கல்கத்தாவில் வெளிவந்தது. எழுதியவர் முகமது அஜீஸுல் ஹக். நூல் வெளிவந்த ஆண்டில் அவர் வங்காள மாகாணச் சட்டசபையின் சபாநாயகர்.

சபையை நடத்துகிறவர் உழவனின் கடனைப் பற்றி ஏன் புத்தகம் எழுத வேண்டும் என்ற கேள்வி அன்றிரவே எனக்குள் புகுந்துகொண்டது. பிறகு கல்கத்தாவுக்குப் போகும்போதெல்லாம் நூலகத்தில் அந்தக் காலத்து நூல்களையும் அறிக்கைகளையும் தேடிப் படிக்கத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அந்தத் தேடலில் நான் புரிந்துகொண்டது.

தொடங்கும்போதே ஒரு பெயர்க்குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். வங்காளத்தில் அஜீஸுல் ஹக் என்ற பெயரில் புகழ்பெற்றவர் இருவர். ஒருவர் காஜி அஜீஸுல் ஹக். 1890களில் கல்கத்தாவில் காவல்துறை அதிகாரியாக இருந்து, ஹேம் சந்திர போஸுடன் சேர்ந்து, விரல்ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியவர். அந்த முறை அவர்களுடைய மேலதிகாரியான எட்வர்ட் ஹென்றியின் பெயரால் உலகமெங்கும் போயிற்று. கைநாட்டு வைத்த கடன் பத்திரங்களை நாள்தோறும் புரட்டுகிற எனக்கு அவர் கதையும் நெருக்கமானதுதான். ஆனால் இங்கே நான் சொல்ல வந்தது அவருக்குப் பிந்திய தலைமுறையைச் சேர்ந்த மற்றவரை, கைநாட்டு வைத்தவனின் கடனை எண்ணியவரை.

முகமது அஜீஸுல் ஹக் 1892ஆம் ஆண்டு நவம்பரில் சாந்திப்பூரில் பிறந்தார். கங்கையின் கிளையான ஹூக்ளியின் கரையில் உள்ள ஊர் அது; இன்றும் பல தெருக்களில் தறிச்சத்தம் கேட்கும். அவருடைய குடும்பத்தில் மூத்தவரான மொஜம்மல் ஹக் வங்காளத்தில் அறியப்பட்ட கவிஞர். 1920இல் தொடங்கிய 'மோஸ்லேம் பாரத்' இதழின் ஆசிரியர். இளம் கவிஞர் நஜ்ருல் இஸ்லாமின் ஆக்கங்கள் வெளிவந்த இதழ் அது. எழுத்து அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்தது. ஊரைச் சுற்றியிருந்த கிராமங்களில் வேறொன்றும் இருந்தது. 1859இல் அவுரி விதைக்க மாட்டோம் என்று துரைமார்களை எதிர்த்து உழவர்கள் எழுந்த கிளர்ச்சி இதே நதியா மாவட்டத்தின் சௌகாச்சாவில் தொடங்கியது. முன்பணம் கொடுத்து, அந்த முன்பணத்தைத் தலைமுறைகளுக்கும் தீராத கடனாக்கி, குடியானவனைத் தன் நிலத்திலேயே கட்டிப்போட்ட கதை அது. அவர் பிறந்தபோது அந்தக் கிளர்ச்சி நடந்து முப்பத்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. வயதான எந்த உழவனும் நேரில் கண்டதாகச் சொல்லியிருக்கக்கூடிய கதை.

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்து, சட்டம் முடித்து, 1915இல் கிருஷ்ணாநகரில் தொழிலைத் தொடங்கினார். மாவட்ட நீதிமன்றத்து வக்கீலுக்கு வரும் வழக்குகள் எவை என்று அந்தப் பக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும்: குத்தகைப் பாக்கி, அடமானம், வரப்புத் தகராறு, லேவாதேவிக்காரர் போட்ட பிராது. இரண்டே ஆண்டுகளில், 1917இல், வங்காள முஸ்லிம்களின் கல்வி வரலாற்றையும் அதன் சிக்கல்களையும் பற்றி அவருடைய முதல் ஆங்கில நூல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூட நிரம்பவில்லை. ஒரு குறையை மேடையில் சொல்லிவிட்டுப் போகாமல், அதன் வரலாற்றைத் தேடி, அதற்குரிய எண்களைத் திரட்டி அச்சில் வைப்பது என்ற பழக்கம் அந்த வயதிலேயே அவருக்கு வந்துவிட்டது. பின்னாளில் அவர் செய்ததெல்லாம் இந்தப் பழக்கத்தின் நீட்சி என்றே நான் நினைக்கிறேன்.

1929இல் அவர் மாகாணச் சட்டக் கவுன்சிலில் நுழைந்தார். கிருஷ்ணாநகர் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். 1934இல் கல்வி அமைச்சரானார். அந்தப் பதவிக் காலத்தில் அவருக்குப் பெரும் கண்டனத்தைக் கொண்டுவந்தது, 1935இல் அரசு அறிவித்த தொடக்கக் கல்விச் சீரமைப்புத் திட்டம். சிதறிக் கிடந்த ஆயிரக்கணக்கான சிறு பள்ளிகளை மூடி, குறைந்த எண்ணிக்கையில் நல்ல பள்ளிகளை அமைப்பது என்று அது சொன்னது. தாளில் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும். மழைக்காலத்தில் வங்காளக் கிராமங்களில் நடந்தவர்களுக்கு, மூடப்படும் பள்ளியிலிருந்து அடுத்த பள்ளிவரை ஏழு வயதுப் பிள்ளை எப்படிப் போகும் என்ற கேள்விதான் முதலில் எழும். எண்களில் அவருக்கு இருந்த நம்பிக்கையின் மறுபக்கத்தை நான் முதலில் கண்டது இந்த இடத்தில்தான்.

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி 1937 தொடக்கத்தில் தேர்தல் நடந்து புதிய சட்டசபை கூடியது. அதற்கு முந்திய சட்டக் கவுன்சிலை நடத்தியவருக்குப் பிரசிடென்ட் என்று பெயர். புதிய சட்டத்தில்தான் சபாநாயகர் என்ற பதவி வந்தது. 1937 ஏப்ரலில் சபை அஜீஸுல் ஹக்கைத் தேர்ந்தெடுத்தது. அவ்வகையில் வங்காளத்தின் முதல் சபாநாயகர் அவரே.

அந்தச் சபையின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் நிலை விளங்கும். மொத்தம் 250 இடங்கள். அவற்றில் முஸ்லிம் தொகுதிகள் 117; பொதுத் தொகுதிகள் 78, அவற்றுள் 30 தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டவை. ஐரோப்பியருக்கு 11, ஆங்கிலோ இந்தியருக்கு 3, இந்தியக் கிறிஸ்தவருக்கு 2, வணிகத்துக்கும் தொழிலுக்கும் 19, நிலக்கிழார்களுக்கு 5, பல்கலைக்கழகங்களுக்கு 2, தொழிலாளருக்கு 8, இவை தவிரப் பெண்களுக்கு 5. வணிக இடங்களில் 14 ஐரோப்பிய வணிகர் சங்கங்களுக்குப் போனதால், ஒரு மாகாணத்தின் மக்கள்தொகையில் கண்ணுக்கே தெரியாத ஐரோப்பியர் கையில் 25 வாக்குகள் இருந்தன. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. உழவர் கட்சியான கிரிஷக் பிரஜா கட்சியின் ஃபஸ்லுல் ஹக் முஸ்லிம் லீக்கோடு சேர்ந்து அமைச்சரவை அமைத்தார். 1938 ஆகஸ்டில் அமைச்சர்கள்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானங்கள் வந்தபோது அந்த அமைச்சரவையைக் காப்பாற்றியது ஐரோப்பியரின் வாக்குகள்தான். உள்ளே அந்த வாக்கெடுப்பு, வெளியே பெருங்கூட்டம். நடுவில் எந்தப் பக்கமும் சாயாமல் உட்கார்ந்திருக்க வேண்டியவர் அவர்.

சட்டம் சபாநாயகருக்கு விதித்த கட்டுப்பாடு கடுமையானது. மற்ற உறுப்பினர்களோடு சேர்ந்து அவர் வாக்களிக்க முடியாது. இரு பக்கமும் வாக்குகள் சமமாகும்போது மட்டுமே தீர்மானிக்கும் வாக்கை அவர் அளிக்க வேண்டும். விவாதத்தில் கருத்துச் சொல்வது அந்தப் பதவிக்குப் பொருந்தாது. சபை நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். ஆங்கிலம் போதிய அளவு தெரியாதவர்களுக்கு மட்டும் தாய்மொழியில் பேச விதிவிலக்கு இருந்தது. ஆக, உழவர்களின் பிரதிநிதிகள் சிலர் விதிவிலக்கின் வழியாக வங்காளியில் உழவனைப் பற்றிப் பேசினார்கள். நிலக்கிழார்களின் பிரதிநிதிகள் நல்ல ஆங்கிலத்தில் நில உரிமையைப் பற்றிப் பேசினார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டு, கிருஷ்ணாநகர்க் கோர்ட்டில் கைநாட்டுப் பத்திரங்களைப் படித்துப் பழகிய அந்த மனிதர் வாய்மூடி அமர்ந்திருந்தார்.

அப்போது சபையின் முன் வந்த மசோதாக்களில் முதன்மையானது நிலம் பற்றியது. 1793இல் காரன்வாலிஸ் செய்த நிரந்தர நிலவரித் திட்டத்தால் ஜமீன்தார் அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை என்றென்றைக்கும் ஒன்றாக நிலைத்துவிட்டது. குடியானவனிடமிருந்து வாங்குவது மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஜமீன்தாருக்குக் கீழே பட்டனிதார், அவருக்குக் கீழே தர்பட்டனிதார் என்று குத்தகையின்மேல் குத்தகையாகப் பல அடுக்குகள். எல்லோருக்கும் கீழே உழுபவன். குத்தகைப் பணத்துக்கு மேல் ஜமீன்தார் வீட்டுக் கல்யாணத்துக்கும் பூசைக்கும் குமாஸ்தாவின் செலவுக்கும் என்று ஆப்வாப் எனப்படும் சட்டவிரோத வசூல்கள் வேறு. உழவன் தன் பட்டா நிலத்தை விற்றால் ஜமீன்தாருக்கு சலாமி என்ற கட்டணம் செலுத்த வேண்டும். 1938ஆம் ஆண்டின் வங்காளக் குத்தகைத் திருத்தச் சட்டம் இந்தச் சலாமியை ஒழித்தது. குத்தகை உயர்வைப் பத்தாண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. பாக்கிமீதான வட்டியைப் பாதியாகக் குறைத்து நூற்றுக்கு ஆறேகால் ஆக்கியது. 1940இல் லேவாதேவியைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. நிலக்கிழார்களின் எதிர்ப்பையும், இன்னும் போதாது என்ற உழவர் கட்சியினரின் கோபத்தையும் சபாநாயகராக அவர் ஒழுங்குபடுத்தி நடத்தினார். ஆனால் இந்தச் சட்டங்கள் வாரத்துக்கு உழும் பர்காதாரைத் தொடவில்லை. விளைச்சலில் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியில் விதைக்கடனை அடைக்கும் அவனுக்கு அந்தச் சபையில் எதுவும் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் அந்தப் புத்தகத்தைத் திறந்தால், முதல்நாள் இரவில் எழுந்த கேள்விக்கு விடை கிடைக்கிறது. நாற்காலியில் இருந்து சொல்ல முடியாததை அவர் தாளில் சொல்லியிருக்கிறார். உழவனுக்கு விளைவது எவ்வளவு, விதைக்கும் மாட்டுக்கும் கூலிக்கும் போவது எவ்வளவு, சணல் விற்கும் இடத்தில் தரகரும் எடைக்காரரும் பிடித்துக்கொள்வது என்ன, குத்தகை போக மிஞ்சுவதில் எத்தனை மாதத்துக்குச் சோறு என்று அடி அடியாகப் போகிற எழுத்து அது. 1929க்குப் பிறகு வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் சணல் விலை சரிந்தபோது, கடன் தொகை மாறாமல் நிற்க, அதை அடைக்கும் விளைபொருளின் மதிப்பு மட்டும் விழுந்தது. அந்தக் காலத்து வங்கி விசாரணைக் குழு வங்காள உழவர்களின் மொத்தக் கடனை 100 கோடி ரூபாய் என மதிப்பிட்டிருந்தது. கடன் வழங்கும் வேலையில் இருப்பவன் இந்த எழுத்தை இலக்கியம் படிப்பதுபோலப் படிக்க முடியாது. மாஸ்டர்மஷாய் கொடுத்த படியில் ஓரத்தில் பென்சிலால் யாரோ கூட்டிக் கழித்திருந்தார்கள். நானும் அதற்குக் கீழே, என் விண்ணப்பங்களில் இருந்த கணக்கை அதே முறையில் போட்டுப்பார்த்தேன். ரூபாயின் மதிப்பு மாறியிருந்தது. உரம், டீசல் என்று கணக்கில் புதிய செலவினங்கள் சேர்ந்திருந்தன. அறுவடைக்குப் பிறகு மிஞ்சுவது அடுத்த அறுவடைவரை வராது என்ற கடைசி வரி மட்டும் என் தாளிலும் பல பெயர்களுக்கு எதிரே அப்படியே நின்றது.

இதே காலத்தில் அவர் வகித்த இன்னொரு பதவி வியப்பூட்டுவது. 1938 முதல் 1942 வரை கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரும் அவரே. அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் ஷ்யாம பிரசாத் முகர்ஜி. பின் வந்தவர் பிதான் சந்திர ராய். 1940இல் ஃபஸ்லுல் ஹக் அரசு இடைநிலைக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தது. மெட்ரிகுலேஷன் தேர்வையும் உயர்நிலைப் பள்ளிகளையும் பல்கலைக்கழகத்தின் கையிலிருந்து எடுத்து, தனி வாரியத்திடம் ஒப்படைப்பது அதன் நோக்கம். தேர்வுக் கட்டணம் பல்கலைக்கழகத்தின் வருமானத்தில் பெரும்பங்கு என்பதால், மசோதா நிறைவேறினால் அதன் கருவூலமே ஆட்டம் காணும். வாரியத்தில் சமய அடிப்படையில் இடங்கள் என்பதால் நகரம் இரண்டாகப் பிளந்து நின்றது. சபையில் மசோதாவைக் கடுமையாக எதிர்த்தவர் பல்கலைக்கழகத் தொகுதியின் உறுப்பினரான முன்னாள் துணைவேந்தர் முகர்ஜி. அவரைப் பேச அழைத்தும், நேரம் முடிந்ததும் உட்காரச் சொல்லியும் சபையை நடத்தும் பொறுப்பு இந்நாள் துணைவேந்தருடையது. காலையில் பல்கலைக்கழகத்தின் வரவுசெலவைப் பார்த்துவிட்டு, மாலையில் அந்த வரவைப் பறிக்கும் மசோதாவுக்கு நடுநிலை வகிப்பது எளிதான வேலையாக இருந்திருக்க முடியாது. மசோதா சட்டமாகவில்லை. அவர் துணைவேந்தராக இருந்தபோதுதான் அங்கே இஸ்லாமிய வரலாறு மற்றும் பண்பாட்டுத் துறை தொடங்கப்பட்டது.

1942இல் இரண்டு பதவிகளையும் விட்டு, இந்தியாவின் ஹைகமிஷனராக லண்டன் போனார். அங்கே இருந்தது ஓராண்டளவே. அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர் நம்மவரான சர் சாமுவேல் ரங்கநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராக இருந்தவர். கல்கத்தா, சென்னை என்று இரண்டு பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள் அடுத்தடுத்து அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள்.

1943இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக அஜீஸுல் ஹக் டெல்லிக்கு அழைக்கப்பட்டார். வணிகமும் தொழிலும் அவர் பொறுப்பு. அந்தக் கோடையில் சில மாதங்கள் உணவுத் துறையும் அவர் கையில் இருந்தது. இந்த ஒரு வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். வங்காளத்து உழவன் எத்தனை மாதம் சோறு உண்கிறான் என்று எண்ணி எழுதிய ஒருவர், வங்காளம் சோறின்றிச் செத்த ஆண்டில், உணவுக்குப் பொறுப்பான நாற்காலியில் இருந்திருக்கிறார்.

பஞ்சம் அவர் பதவியேற்ற நாளில் தொடங்கியதில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தபின் பர்மா அரிசி நின்றது. எதிரி கையில் சிக்கக்கூடாது என்று கடலோர மாவட்டங்களில் அரிசியையும் ஆயிரக்கணக்கான படகுகளையும் அரசே அப்புறப்படுத்தியது. அக்டோபரில் மேதினிப்பூரைப் புயல் அழித்தது. நெற்பயிரில் நோய் பரவியது. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் மணங்கு (சுமார் 37 கிலோ) 13, 14 ரூபாய்க்கு விற்ற அரிசி, மார்ச்சில் 21, மே மாதத்தில் 30, ஆகஸ்டில் 37 ரூபாய் என்று ஏறியது. மே மாதத்தில் மத்திய அரசு கிழக்குப் பகுதி மாகாணங்களுக்கு இடையே தானிய வணிகத்தின் தடைகளை நீக்கியது. வங்காள வியாபாரிகள் பீகாருக்கும் ஒரிசாவுக்கும் பாய்ந்தார்கள். அங்கும் விலை ஏறியது. வந்த அரிசியோ கிராமத்துக் கூலிக்காரனுக்கு எட்டும் விலையில் இல்லை. ஜூலை முடிவில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. ஆகஸ்டில் உணவுத் துறை ஜே. பி. ஸ்ரீவாஸ்தவாவிடம் போனது.

கல்கத்தா நடைபாதைகளில் அந்த மாதங்களில் கேட்ட குரலை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள்: "ஃபேன் தாவ், மா." ஃபேன் என்றால் சோறு வடித்த கஞ்சி. சோறு கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து, வடிகஞ்சியைக் கேட்டிருக்கிறார்கள். மாஸ்டர்மஷாயின் தாய் அப்போது இளம்பெண். வீட்டில் உலையை இறக்கும்போதே வாசலில் தகரக் குவளைகள் வரிசையாக நிற்கும் என்றும், அந்தக் குவளைகளின் சத்தம் கேட்டால் தனக்குச் சாப்பாடு இறங்காது என்றும் கடைசிக் காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர் வடித்த கஞ்சியில் ஒரு பிடி சோற்றையும் தெரியாமல் விட்டு ஊற்றுவாராம். பஞ்ச விசாரணைக் குழு இறந்தவர்கள் 15 லட்சம் என்றது. பின்வந்த ஆய்வாளர்கள் 30 லட்சம்வரை சொல்கிறார்கள். இறந்தவர்களில் அதிகம் நிலமற்ற கூலிகள், மீனவர்கள், படகோட்டிகள். கையில் நெல் இல்லாமல் கூலியை மட்டும் வைத்து அரிசி வாங்க வேண்டியவர்கள்.

அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. கப்பலில் தானியம் அனுப்புங்கள் என்று இந்தியாவிலிருந்து போன கோரிக்கைகளை லண்டன் போர்க்கால அமைச்சரவை மறுத்தும் குறைத்தும் வந்தது. மாகாணத்தில் ஃபஸ்லுல் ஹக்கை விலகவைத்து, ஏப்ரலில் நாஜிமுதீன் அமைச்சரவை வந்திருந்தது. உணவு வழங்கலை சுஹ்ரவர்தி கவனித்தார். வைசிராயின் குழுவில் ஓர் இந்திய உறுப்பினர் போரின் தேவைக்கு எதிராக எதைத்தான் செய்துவிட முடியும் என்றும் கேட்கலாம். இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகும் என் மனம் ஆறவில்லை. ஏனென்றால் மற்றவர்கள் வங்காளத்துக் கூலிக்காரனை அறியாதவர்கள். தடை நீங்கினால் அரிசி தானே பாய்ந்து விலை சமனாகும் என்று கோட்டையில் இருந்த அதிகாரி நம்பலாம். வாங்க வக்கற்றவனிடம் சந்தை போய்ச் சேராது என்பதை இவர் பல பக்கங்களில் எண்ணிக் காட்டியிருந்தார். நாற்காலி வாயைக் கட்டிய காலத்தில் புத்தகமாக எழுதியவருக்கு, வாய் திறக்கும் இடம் கிடைத்தபோது, பேசக் கையில் இருந்தது அரசாங்கத்தின் குறிப்பு. பதவியை விட்டெறிந்துவிட்டு வந்து அந்தப் புத்தகத்தை அவரே உரக்கப் படித்திருக்கலாம் என்று நான் ஆசைப்படுகிறேன். அவ்வாண்டு பிப்ரவரியில்தான், காந்தியின் உண்ணாவிரதத்தை முன்னிட்டு, அதே குழுவிலிருந்து மூன்று இந்திய உறுப்பினர்கள் விலகியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான நளினி ரஞ்சன் சர்க்கார் உணவுத் துறையைக் கவனித்தவர். முன்னுதாரணம் கண்ணெதிரே இருந்தது.

அவருக்குப்பின் வங்காளச் சபாநாயகரான சையத் நௌஷேர் அலியையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1945 மார்ச் இறுதியில் வேளாண்மைக்கான மானியக் கோரிக்கை சபையில் தோற்றபோது, நாஜிமுதீன் அமைச்சரவை சபையின் நம்பிக்கையை இழந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி அவர் சபையை ஒத்திவைத்தார். அமைச்சரவை விழுந்து ஆளுநர் ஆட்சி வந்தது. அந்தத் தீர்ப்பு சரியா என்று சட்டம் தெரிந்தவர்கள் வாதிடலாம். பேசக்கூடாத அதே நாற்காலியிலிருந்து ஒருவர் எவ்வளவு பேசிவிட முடியும் என்பதை அது காட்டியது.

அஜீஸுல் ஹக் 1946வரை நிர்வாகக் குழுவில் இருந்தார். அவ்வாண்டில் பிரிட்டிஷ் அரசு கொடுத்த சர் முதலிய பட்டங்களைத் துறந்தார். 1947 மார்ச்சில் கல்கத்தாவில் காலமானார். வயது ஐம்பத்து நான்கு. ஐந்து மாதம் கழித்து அவருடைய மாவட்டம் என்ன ஆயிற்று என்பதை அவர் பார்க்கவில்லை. தற்காலிகப் பிரிவினையின்படி நதியா முழுவதும் கிழக்குப் பாகிஸ்தானுக்கு என்று அறிவிக்கப்பட்டு, கிருஷ்ணாநகரில் பாகிஸ்தான் கொடி ஏறியது. இரு நாட்டு எல்லையை வகுத்த ராட்கிளிஃப் கோடு வெளியான பிறகு கிருஷ்ணாநகரும் ராணாகாட்டும் இந்தியாவிலும், குஷ்டியாவும் மெஹர்பூரும் சுவாடாங்காவும் அந்தப் பக்கத்திலுமாக மாவட்டம் அறுந்தது. இந்தியக் கொடி இங்கே மூன்று நாள் கழித்தே ஏறியதால் சாந்திப்பூர் உள்ளிட்ட பல ஊர்களில் ஆகஸ்ட் 18ஆம் நாளும் கொடியேற்றுகிறார்கள். நான் அங்கிருந்த ஆண்டுகளில் நானும் போய் நின்றேன்.

என் கடைசி ஆண்டில் எல்லையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் பயிர்க்கடன் கேட்டு வந்தார். அவருடைய இரண்டு பிகா நிலம் முள்வேலிக்கு அப்பால் இருந்தது. எல்லைக்கோட்டிலிருந்து 150 கஜம் உள்ளே தள்ளி வேலி போட்டிருப்பதால், இந்திய நிலமே வேலிக்கு வெளியே நிற்கிறது. கள ஆய்வுக்கு அவரோடு போனேன். வாயிலில் காவலர் எங்கள் அடையாள அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு, பதிவேட்டில் பெயரையும் நேரத்தையும், அவர் தோளில் இருந்த மருந்து தெளிப்பானையும் அரை மூட்டை உரத்தையும் எழுதிக்கொண்டார். மாலை வாயில் மூடும் முன் திரும்பிவிட வேண்டும். இங்கே சணல் போடவிடுவதில்லை என்றார் பெரியவர். உயரமாக வளர்ந்தால் பார்வையை மறைக்குமாம். நிலத்தை அடியளந்து பார்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். பத்திர எழுத்தர்கள் செக்குபந்தி என்று சொல்லும் நான்கெல்லையைக் கேட்டேன். வடக்கே பக்கத்து வீட்டுக்காரரின் வயல், தெற்கே வாய்க்கால், மேற்கே வேலி என்று சொன்னார். கிழக்கே எதை எழுதுவது என்று கேட்டதற்கு, கையை நீட்டி, நெற்பயிருக்கு நடுவே நின்ற வெள்ளைத் தூணைக் காட்டினார். எழுதினேன். மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். இடது கட்டைவிரலை வேட்டியில் துடைத்துவிட்டு அழுத்தினார்.